நூலக மொட்டைமாடியில் நாங்கள் விட்ட கேஸ்

என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள், "கொஞ்சம் உற்சாகப்படுத்துற மாதிரி பேசுங்க மேடம், எல்லாரும் இப்பத்தான் வேலைக்குச் சேர்ந்தவங்க" என்றார்கள். உற்சாகப்படுத்த ஊரில் ஆளா இல்லை? நான் நந்தனம் பக்கம் ஒரு கல்லூரியில் முப்பத்தோரு வருடம் மின்சாரம் பார்த்தவள். மின் மேற்பார்வையாளராகச் சேர்ந்து, வளாகப் பராமரிப்பு அதிகாரியாக ஓய்வு பெற்றேன். காவலாளி முதல் பேராசிரியர் வரை எல்லாரும் எனக்கு வைத்திருந்த பெயர் 'கரண்ட் மேடம்'. கரண்ட் போனால்தான் என்னைத் தேடி வருவார்கள் என்பதால் யாரும் சிரித்த முகத்தோடு வந்ததில்லை. எனக்கும் சிரித்துப் பேசிப் பழக்கமில்லாமல் போய்விட்டது. இன்று பேசப்போவதை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எழுதாமல் பேசினால் யாரையாவது திட்டிவிடுவேன்.

உங்கள் வேலை என்ன? உங்கள் கல்லூரி காற்றில் விடுகிற கரியமில வாயுவையும், அதைப் போலவே பூமியைச் சூடாக்கும் அதன் பங்காளி வாயுக்களையும் கணக்கெடுத்து, வருடா வருடம் குறைப்பது. சூரியத் தகடு எங்கே மாட்டுவது, மீட்டரை எப்படிப் படிப்பது என்பதையெல்லாம் சொல்லிக்கொடுக்க இங்கே வேறு ஆட்கள் வந்திருக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு காலை நேரத்தில் நான் செய்த முட்டாள்தனத்தைப் பற்றி. அதை மறைக்கச் சொன்னவரிடம் முடியாது என்று சொன்னதைப் பற்றி. அதனால் என்ன போயிற்று என்பதையும் சொல்கிறேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

நான் ஓய்வு பெற நான்கு மாதம் இருந்த நேரம் அது. கல்லூரியை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளருக்குத் திடீரென்று பசுமை மேல் காதல் வந்திருந்தது. வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டுக் குழு வந்து பார்த்து, 'இந்த வளாகம் தன் புகையைக் குறைத்திருக்கிறது' என்று ஒரு சான்றிதழ் கொடுக்கும். அதை வாங்கி நுழைவாயிலில் பெரிதாக மாட்டிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. என்னைக் கூப்பிட்டு, "மேடம், என்ன பண்ணலாம் சொல்லுங்க" என்றார். பழைய ஏசிகள் கரண்டைக் குடித்துத் தள்ளுகின்றன, எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றேன். யோசனை முழுக்க என்னுடையது. சான்றிதழ் கிடைத்தால் எனக்கு இன்னும் இரண்டு வருடம் பணி நீட்டிப்பு என்று அவரே வாக்கும் கொடுத்தார். எனக்கு அந்த இரண்டு வருடம் வேண்டும் என்று இருந்தது. ஆரம்பித்த வேலையை நானே முடிக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்ற பயமும் இருந்தது.

நான்கு கட்டடங்கள். முதலில் நூலகம், அதில் நாற்பது ஏசி. வேலை ஆணையை நான்தான் தட்டச்சு செய்தேன். 'பழைய ஏசிகளைக் கழற்றி அப்புறப்படுத்திவிட்டு, புதியவற்றைப் பொருத்தித் தரவும்.' அப்புறப்படுத்துவது என்றால் எப்படி என்று நான் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

கோடை விடுமுறையில் வேலை ஆரம்பித்தது. ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆட்களுக்குத் தலைவர் சேகர். சைதாப்பேட்டைக்காரர், பதினெட்டு வருடமாக ஏசி மெக்கானிக். எங்கள் வளாகத்தில் எந்த ஏசி எந்த மாதத்தில் மக்கர் செய்யும் என்பது எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரியும். முதல் நாள் காலை பத்து மணி சுமாருக்கு, வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க நூலக மொட்டைமாடிக்கு ஏறினேன். கதவைத் திறந்ததும் ஸ்ஸ்ஸ் என்று சத்தம். ஒரு பக்கத்திலிருந்து மட்டுமல்ல, நான்கைந்து இடத்திலிருந்து. ஏசியின் வெளிப்பெட்டிகள் வரிசையாக நின்றன. சேகர் ஒரு பெட்டியின் பக்கத்தில் குந்தி, சின்னச் சாவி ஒன்றை வால்வில் விட்டுத் திருகிக்கொண்டிருந்தார். மே மாத வெயிலில் அந்தக் குழாயின் மேல் வெள்ளை வெளேரென்று பனி பூத்திருந்தது.

"என்ன சத்தம் சேகர் இது?"

"கேஸ் எறக்கிக்கினு கீறோம் மேடம். கேஸு போனாத்தான பைப்பைக் கழட்ட முடியும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு பொட்டிக்கு ரெண்டு மூணு நிமிசம். மதியானத்துக்குள்ள நாப்பதும் முடிஞ்சிரும்."

"சரி, சீக்கிரம் முடிங்க. வெயில் கொளுத்துது."

அதோடு விடவில்லை. பாவம், வெயிலில் வேலை செய்கிறார்கள் என்று ஒரு துணிப் பந்தல் கட்டச் சொன்னேன். கேன்டீனிலிருந்து ஒரு குடம் மோர் அனுப்பினேன். பெரிய நல்ல காரியம் செய்துவிட்ட நினைப்போடு படி இறங்கினேன். எனக்கு என் மேல் அவ்வளவு மகிழ்ச்சி அன்றைக்கு.

மதியம் கேன்டீனில் சாப்பிட உட்கார்ந்தேன். எதிரில் வேதியியல் துறை ஆசிரியை ஒருவர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. என்னைவிடப் பத்து வயது சின்னவர், மயிலாப்பூர் மாடவீதிக்காரர். வகுப்பில் சுத்தமான தமிழ் பேசுவார். கோபம் வந்துவிட்டால் வீட்டுத் தமிழ் வந்துவிடும். அன்றைக்கு முதல் கேள்வியே வீட்டுத் தமிழில் வந்தது.

"லைப்ரரி ஏசியெல்லாம் கழட்டறாளாமே. அதுல இருந்த கேஸை என்ன பண்ணினேள்?"

"விட்டாச்சு."

"எங்க விட்டேள்?"

"மாடியிலதான். வேற எங்க விடறது?"

அவர் கரண்டியைத் தட்டில் வைத்தார். "நாப்பது ஏசியோடதையுமா? காத்துலயா?"

"ஏன், அது விஷமா?"

"விஷமா இருந்தா தேவலையே, உடனே தெரிஞ்சிருக்கும். அந்தக் கேஸ் ஒரு கிலோ வெளியில போச்சுன்னா, ஆயிரம் கிலோ கரியமில வாயுவுக்கும் மேல விட்ட மாதிரி சூடு பண்ணும். நீங்க புது ஏசி போட்டு மிச்சம் பிடிக்கப்போறேள் பாருங்கோ, பல வருஷத்து மிச்சம் இன்னிக்கு ஒரு காலம்பறலயே போயிடுத்து."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் பழக்கம் அது, முதலில் சண்டை போட்டுவிட்டுத்தான் யோசிப்பேன். "நான் எலக்ட்ரிகல் மேடம், கெமிஸ்ட்ரி இல்லை. யூனிட் குறைஞ்சா புகை குறையும், எனக்குத் தெரிஞ்சது அதுதான்" என்றேன்.

"காத்து எந்த டிபார்ட்மென்ட்னு கேட்டுண்டா சூடாறது?" என்றார் அவர்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து மாடிக்குப் போனேன். ஒவ்வொரு வெளிப்பெட்டியின் பக்கவாட்டிலும் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதில் உள்ளே எவ்வளவு கேஸ் என்று அச்சிட்டிருக்கும். முப்பத்தோரு வருடத்தில் அந்தத் தகட்டில் வோல்டேஜையும் ஆம்பியரையும் மட்டும்தான் நான் படித்திருக்கிறேன். அவற்றுக்குக் கீழே இருந்த வரியை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். நாற்பது தகட்டையும் நடந்து நடந்து படித்து, கூட்டிப் பார்த்தேன். அந்த ஆசிரியை சொன்னது சரி. பந்தலின் கீழே நின்றபோது எனக்கு அழுகை வந்தது. வெட்கம்தான். கூடவே கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாததால் எல்லார் மேலும் வந்தது.

மாடியில் ஆள் யாரும் இல்லை. எல்லாவற்றையும் முடித்துவிட்டு, சேகரின் ஆட்கள் அடுத்ததாக அறிவியல் கட்டடத்துக்குப் போயிருந்தார்கள். அது நினைவுக்கு வந்ததும் ஓடினேன். இந்த மூட்டுவலியோடு நான் ஓடியதைப் பார்த்து, எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று காவலாளியும் பின்னாலேயே ஓடிவந்தார். அறிவியல் கட்டட மாடியில் முதல் பெட்டியின் வால்வில் சாவி நுழைந்திருந்தது. நிறுத்துங்கள் என்று கத்தினேன்.

"இன்னா மேடம் ஆச்சு? யாருக்காச்சும் ஷாக் அடிச்சுதா?" என்றார் சேகர்.

"கேஸைத் திறந்து விடக்கூடாது."

"காயலாங்கடைக்குப் போற பொட்டிக்கு எதுக்கு மேடம் கேஸு? அவனுக்குக் காப்பர்தான் வேணும். கேஸோட குடுத்தா அவனே ஒடைச்சு வுட்ருவான்."

"வீடு மாத்தும்போது ஏசியைக் கழட்டுறீங்களே, அப்ப என்ன பண்ணுவீங்க?"

"அது வேற மேடம். அப்ப மோட்டாரை ஓட வுட்டு, கேஸு மொத்தத்தையும் வெளிப்பொட்டிக்குள்ள இழுத்து வால்வைப் பூட்டிக்கினு எடுத்துக்கினு போவோம். கேஸு போச்சுன்னா பார்ட்டி சண்டைக்கு வருவாரு."

பாருங்கள் இதை. அவருக்குக் கேஸைப் பூட்டத் தெரியும். ஊரில் உள்ள எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். வீடு மாறுகிறவர் கேட்பார் என்பதால் ஒரு சொட்டு விடாமல் பூட்டுகிறார்கள். காயலாங்கடைக்குப் போவதை யாரும் கேட்க மாட்டார்கள் என்பதால் திறந்து விடுகிறார்கள். கேட்க வேண்டிய ஆள் நான். நான் கேட்காமல் மோர் அனுப்பினேன்.

ஆசிரியை சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். சாவியை வால்விலிருந்து உருவிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அப்ப காலைல நாம வுட்டது?" என்றார்.

'நாம' என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்று வரை குறையவில்லை. பிறகு அவரே மெதுவாக, "பதினெட்டு வருசமா வுட்டுக்கினு கீறேன் மேடம். ஒருத்தர் கூட சொல்லலியே" என்றார்.

வழியையும் அவர்தான் சொன்னார். அறிவியல் கட்டடத்து ஏசிகள் எல்லாமே ஓடும் நிலையில் இருந்தன. வீடு மாற்றும்போது செய்வதைப் போலவே கேஸைப் பெட்டிக்குள் பூட்டி, பெட்டிகளை எங்கேயாவது பத்திரமாக அடுக்கிவிடலாம். கேஸை உறிஞ்சி சிலிண்டரில் ஏற்றும் மெஷின் ஒன்று இருக்கிறதாம், அவருடைய ஒப்பந்தக்காரரிடம் இல்லை. அது எங்கே கிடைக்கும் என்று வேதியியல் ஆசிரியை விசாரித்துச் சொன்னார். நகருக்கு வெளியே ஒருவரிடம் இருந்தது, இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். சரி என்றேன். அதுவரை பூட்டிய பெட்டிகளை சைக்கிள் கொட்டகையில் அடுக்கி, கொட்டகைச் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். காயலாங்கடை லாரி வந்து வாசலில் அரை மணி நேரம் ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

லாரி திரும்பிப் போன சேதி என்னைவிட வேகமாகச் செயலாளர் அறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். காபி கொடுத்தார். என் மூட்டுவலியை விசாரித்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்தார். 'நூலகத்துப் பழைய ஏசிகளிலிருந்த வாயு முறைப்படி மீட்கப்பட்டது என்று சான்றளிக்கிறேன்.' கீழே என் பெயரும் பதவியும்.

"கேஸ் கண்ணுக்குத் தெரியாதது மேடம். போட்டோ எடுத்தாக் கூட வராது. யாரும் கேக்கப்போறதில்லை. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, மீதி மூணு பில்டிங்குக்கும் நீங்க சொல்ற மெஷினையே வரவழைக்கிறேன். நல்லதுதானே நடக்கப்போகுது?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். 'திருட்டுத்தனம் செய்' என்று யாராவது நேராகச் சொன்னால் மறுத்துவிட நம் எல்லாராலும் முடியும். அவர் அப்படிச் சொல்லவில்லை. மூன்று கட்டடத்தைக் காப்பாற்றித் தருகிறேன், ஒரு கட்டடத்தை மறந்துவிடு என்றார். போன கேஸ் திரும்பி வராது, இனிமேல் போகாமல் இருப்பதுதானே முக்கியம் என்று எனக்கே தோன்றியது. பேனாவை எடுத்துவிட்டேன். என் இரண்டு வருட நீட்டிப்பும் அந்தப் பேனா முனையில் இருந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன், அவர் மட்டும் அடுத்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால்.

"ஒருவேளை கேட்டாலும் பயப்படாதீங்க. மெக்கானிக்குங்க நம்மகிட்ட கேக்காமப் பண்ணிட்டாங்கன்னு சொல்லிக்கலாம். காண்ட்ராக்டர்கிட்ட பேசிட்டேன், அந்த டீமையே வேலையிலேர்ந்து எடுத்துடறேன்னு சொல்லிட்டார்."

பேனாவை மூடினேன்.

"அவங்க என்கிட்ட சொல்லிட்டுத்தான் பண்ணாங்க சார். நான்தான் சீக்கிரம் முடிங்கன்னு சொன்னேன்."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். ஆர்டர் போட்டது நான். நின்னு பார்த்தது நான். மோர் அனுப்பினது நான்."

அவர் சிரித்துவிட்டார். "மோரையும் எழுதுவீங்க போலிருக்கே."

"எழுதுவேன்" என்றேன்.

எழுதினேன். அன்று மாலையே என் அறையில் உட்கார்ந்து, என் கையாலேயே ஒரு பக்கம் எழுதினேன். எத்தனை ஏசி, ஒவ்வொன்றின் தகட்டிலும் எவ்வளவு கேஸ் என்று போட்டிருந்தது, மொத்தம் எவ்வளவு காற்றில் போயிற்று, அது எத்தனை கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். வேலை ஆணையில் கேஸைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்பது. மெக்கானிக்குகள் என் கண்முன்னால், என் சம்மதத்தோடு செய்தார்கள் என்பது. மோர் அனுப்பினேன் என்பது. இந்த அளவை இந்த வருடத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதி செயலாளருக்கு, ஒரு பிரதி ஒப்பந்தக்காரருக்கு, ஒன்று என் கைப்பையில்.

செயலாளர் அந்தக் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை. மதிப்பீட்டுக் குழு வரும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் போனில் கூப்பிட்டு, "ரொம்ப அலைஞ்சுட்டீங்க மேடம். அன்னைக்கு லீவ் போட்டுட்டு ஓய்வு எடுங்க" என்று மட்டும் சொன்னார். சைக்கிள் கொட்டகைச் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகும்படியும் சொன்னார். அந்தப் பெட்டிகள் குழு வரும் வழியில் அசிங்கமாக இருக்கின்றனவாம். அதற்குள் லாரி மறுபடி வரும், பெட்டிகள் போகும், காயலாங்கடையில் உடையும். எனக்கு நன்றாகப் புரிந்தது.

முப்பத்தோரு வருடத்தில் லீவ் போடு என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. தீபாவளி அன்றைக்குக் கூடக் கூப்பிட்டுவிடுவார்கள். குழு வந்த அன்று காலையில் அசோக் நகரிலிருந்து வழக்கமான பஸ்ஸைப் பிடித்து, வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே போய், கொட்டகை வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சாவியைக் கேட்டு அலுவலக உதவியாளர் இரண்டு முறை வந்தார். தர மாட்டேன் என்று போய்ச் சொல்லச் சொன்னேன். சேகரும் வந்து நின்றார். நான் கூப்பிடவில்லை. "மெஷின் இன்னிக்குத்தான மேடம் வருது" என்றார், ஏதோ அதற்காக மட்டும் வந்ததைப் போல.

குழுவில் இரண்டு பேர். ஓர் ஆண், ஒரு பெண். செயலாளர் அவர்களை நுழைவாயிலில் புதிதாக நட்டிருந்த செடிகளிடமெல்லாம் அறிமுகப்படுத்திக்கொண்டே வந்தார். கொட்டகையைப் பார்த்ததும் அந்தப் பெண், "இது என்ன, இவ்வளவு ஏசி?" என்று நின்றார். நான் எழுந்து, என் கைப்பையிலிருந்த பிரதியைக் கொடுத்தேன். செயலாளர் முகம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது. நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் முழுவதும் படித்தார். மோர் என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி படித்தார்.

"இதுக்கு யார் பொறுப்பு?"

"நான்" என்றேன்.

"சாவி என் கைலதாங்க இருந்துச்சு" என்றார் சேகர், பின்னாலிருந்து.

"சேகர், சும்மா இருங்க."

"இல்ல மேடம், நான்தான் தொறந்தேன், நான் சொல்றேன்." அந்தப் பெண்ணைப் பார்த்து, "எங்களுக்குத் தெரியாதுங்க. இப்பத் தெரியும். இதோ இதெல்லாம் பூட்டி வெச்சிக்கினு கீறோம். எப்டின்னு காட்டட்டுமா?" என்றார்.

காட்டினார். அந்த இரண்டு பேரும் அரை மணி நேரம் கொட்டகையில் நின்று, வால்வு எப்படிப் பூட்டப்படுகிறது என்று பார்த்தார்கள். மெஷின் வந்து, முதல் பெட்டியிலிருந்து கேஸ் சிலிண்டருக்கு ஏறும்போது அவர்களும் கூடவே நின்றார்கள். செயலாளர் நடுவிலேயே போய்விட்டார்.

சான்றிதழ் வரவில்லை. அந்த வருடம் எங்கள் வளாகத்தின் புகை முந்தைய வருடத்தைவிட அதிகம் என்று அறிக்கை சொன்னது. அது உண்மை. என் பணி நீட்டிப்பும் போயிற்று. பிரிவுபசார விழா கூட வைக்கவில்லை. கடைசி நாள் மாலை கைப்பையை எடுத்துக்கொண்டு நானாக வெளியே வந்தேன், காவலாளி மட்டும் எழுந்து நின்றார். வருத்தமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். போன மாதம் தி. நகரில் ஒரு புடவைக் கடையில் செயலாளரை நேருக்கு நேர் பார்த்தேன். அவசரமாக வேட்டிப் பிரிவுக்குப் போய்விட்டார். போகட்டும். ஆனால் சேகரை யாராலும் வேலையிலிருந்து எடுக்க முடியவில்லை. பழியை யார் மேல் போடலாம் என்று தேடிய இடத்திலெல்லாம் என் கையெழுத்து இருந்தது. மீதிக் கட்டடங்களின் கேஸ் முழுவதும் சிலிண்டருக்குப் போயிற்று. சேகரே இப்போது கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு மெஷின் வாங்கித் தனியாகத் தொழில் செய்கிறார்.

நூலகத்திலிருந்து போன கேஸ் இன்னமும் மேலேதான் இருக்கிறது. அதில் ஒரு பங்கு நான் போன பிறகும் இருக்கும். அதை நான் ஒன்றும் செய்ய முடியாது. அதைக் குறைத்துக் காட்டியிருக்க முடியும், அவ்வளவுதான். எண்ணைக் குறைப்பது சுலபம், ஒரு ரப்பர் போதும். உங்களை வேலைக்கு எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த ரப்பர்தான் வேண்டும். உங்களைப் பேனா என்று நினைத்து எடுக்கவில்லை. இதைக் கேட்டு யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும்.

வீட்டில் எழுதியது இத்தோடு முடிகிறது. இந்தக் கடைசிப் பக்கத்தை இன்று காலை இங்கே அடையாறுக்கு வரும்போது ஆட்டோவில் எழுதினேன், கோழி கிண்டியதைப் போல இருக்கிறது. பொறுமையாகப் படிக்கிறேன். நந்தனம் சிக்னலில் நிற்கும்போது சேகர் போன் செய்தார்.

"மேடம், ஒரு காலேஜுக்கு வந்துகீறேன். அம்பது பொட்டி, எல்லாம் பழசு. இங்க கீற பசுமை ஆபீசரு மெஷினெல்லாம் வேணாம், டைம் இல்ல, தொறந்து வுடுன்றாரு. முடியாதுன்னு கீழ எறங்கி வந்துட்டேன்."

"அவர்கிட்ட விஷயத்தைச் சொன்னீங்களா?"

"எங்க மேடம், நின்னு கேட்டாத்தான. அடையாறுல ஏதோ ட்ரெயினிங்காம், அதுக்குப் போய்க்கினு கீறாரு. சாயங்காலம் நான் வர்றதுக்குள்ள மாடி காலியா இருக்கணும், இல்லாட்டி வேற ஆளைக் கூப்டுக்குவேன்னு சொல்ட்டாரு."

"மெஷின்?"

"வண்டிலதான் கீது. நான் இன்னா பண்ணட்டும் மேடம்? போவவா, இருக்கவா?"

இருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அந்த அலுவலர் இந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். எந்த வரிசை என்று எனக்குத் தெரியாது. அவர் பெயரைச் சேகர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திட்டப்போவதில்லை, நான் நின்ற இடத்தில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். எனக்கு நாற்பது பெட்டியும் காலியான பிறகுதான் விஷயம் தெரிந்தது. உங்களுடைய ஐம்பதும் இந்த நிமிடம் வரை மூடித்தான் இருக்கின்றன. மதியச் சாப்பாடு வரை காத்திருக்க வேண்டாம், எழுந்து வெளியே போவதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சேகர் உங்கள் கல்லூரி வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய நம்பர் உங்களிடம் இருக்கிறது.